கண் தெரியவில்லையா?

படியில் ஒருவன் இடறி விழுந்தால், தூக்கிவிட ஒரு கை நீளுவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "கண் தெரியவில்லையா?" கொஞ்சம் உரிமையுள்ளவர்களாக இருந்தால், "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கேட்பார்கள். விழுந்தவனும் முழங்காலைத் தடவிக்கொண்டு, "கவனிக்கவில்லை" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறான். படியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. யானைக்கு அடி சறுக்கினால் நமக்கு ஒரு பழமொழி கிடைக்கிறது. வீட்டிலுள்ள கிழவிக்கு அடி சறுக்கினால் கண்ணாடியை மாற்றச் சொல்கிறோம்.

இந்தக் கேள்வி நியாயமானதுதானா என்று சில வருஷங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்படி யோசிப்பதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசிவரை ஒளித்துவைத்துப் போட்டுடைத்தால் கட்டுரை சுவையாக இருக்கும் என்று எனக்குள் இருக்கும் கதைக்காரன் சொல்கிறான். அவன் பேச்சைக் கேட்டு ஆறு வருஷம் ஒளித்தது போதும்.

அஞ்சுகிராமத்தில் எங்கள் குடும்ப வீடு பழைய நாஞ்சில்நாட்டு முறையில் கட்டியது. படிப்புரை, மங்களா, அரங்கு, அடுக்களை எல்லாம் கீழே. அரங்குக்குப் பக்கத்தில் ஓர் இருட்டு மூலையிலிருந்து மச்சுக்கு மரப்படி ஏறும். ஆயினிப் பலகைகள் பதினொன்று. மச்சுத் தரையில் கால் வைப்பதையும் சேர்த்தால் 12 ஏற்றம். ஒவ்வொன்றும் 8 அங்குலம். இன்றைய கணக்குப்படி அது கொஞ்சம் செங்குத்துத்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருக்கும் வீட்டில் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏழரை அங்குலத்துக்கு, மேற்படக்கூடாது என்கிறது. எங்கள் படியைச் செய்த ஆசாரி எந்தத் தொகுப்பையும் படித்தவரல்ல. ஆனால் பன்னிரண்டு ஏற்றத்தையும் நெல்முனை வித்தியாசம் இல்லாமல் செய்ய அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் படியில் பெரியம்மை நாற்பது வருஷம் ஏறி இறங்கினாள். பகல் சாப்பாடு முடிந்ததும் மச்சுக்குப் போய்விடுவாள். அங்கே அவளுடைய பெட்டி இருந்தது. மருந்துவாழ்மலை தெரிகிற ஒரு ஜன்னல் இருந்தது. எங்கள் ஊருக்கென்றே ஏற்பட்ட காற்று இருந்தது. இந்தக் காற்றை நம்பித்தான் பின்னாளில் சுற்றுவட்டாரமெங்கும் காற்றாலைகளை நட்டார்கள். அந்தி மயங்கி, படியே கண்ணுக்குத் தெரியாத வேளையில் இறங்கி வருவாள். "விளக்கைப் போட்டுக்கொண்டு வரக்கூடாதா பெரியம்மை?" என்று கேட்டால், "வெளக்கு என்னத்துக்கு மக்கா? கால் பாத்துக்கிடும்" என்பாள்.

2018-ல் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. கீழ்த்தளத்தில் பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை வெடித்துக் கிடந்தது. அதன் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் பதிக்க ஏற்பாடு செய்தேன். கொத்தனார் விவரமானவர். மச்சுப்படிக்குக் கீழே வந்தபோது வேலையை நிறுத்திவிட்டு, "இங்க ரெண்டு அங்குலம் மட்டம் ஒசருது. மொதப் படி தாந்து போவும். பரவால்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் பந்தல்காரருடன் பேசிக்கொண்டிருந்தேன். "ரெண்டு அங்குலந்தானே, போடுங்க" என்றேன்.

2019 பங்குனியில், சொளவு நிறைய மோர்மிளகாயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மச்சுக்கு ஏறின பெரியம்மை இரண்டாவது படியில் கால் தட்டி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வீட்டில் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "கண்ணு மங்கிப்போச்சு. இனிமேல் மச்சுக்கு ஏறக்கூடாது." நானும் சொன்னேன். அப்போது அதை மனதார நம்பித்தான் சொன்னேன் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, அவளுடைய பெட்டியைக் கீழே கொண்டுவர நானே மச்சுக்குப் போனேன். இரண்டாவது படியில் என் கால்விரல் போய் இடித்தது. எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கையில் சுமையும் இல்லை. டேப்பை எடுத்துவந்து அளந்தேன். முதல் ஏற்றம் 6 அங்குலம். மற்றவை எல்லாம் 8. டேப்பைச் சுருட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு, ஒரு படியில் கண் என்னதான் செய்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். குற்றவாளிக்குச் சட்டப் புத்தகத்தில் வருகிற திடீர் அக்கறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கிறவனுடைய பார்வை எங்கே விழுகிறது என்பதைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். நாம் காலடியைப் பார்ப்பதில்லை. பார்க்கும்போதுகூடச் சுமார் மூன்று படிக்கு முன்னால் பார்க்கிறோம். தொடக்கத்திலும் முடிவிலும் கண் சற்றுக் கூடுதலாக வேலை செய்கிறது. நடுவில் அது வேறு சோலி பார்க்கப் போய்விடுகிறது. முதல் ஏற்றத்தில் கால் ஓர் அளவை எடுத்துக்கொள்கிறது. மற்றவையும் இப்படித்தான் இருக்கும் என்று கண்ணும் காலும் சேர்ந்து முடிவுகட்டிவிடுகின்றன. பிறகு கால் தேவைக்கு மேல் உயர்வதில்லை. பலகையின் விளிம்பை மயிரிழையில் தாண்டிப் போகிறது. உடம்பைப் போல் சிக்கனக்காரன் உலகத்தில் கிடையாது.

நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில், 36-ஆம் தெரு நிலத்தடி ரயில் நிலையத்தில் ஒரு படிக்கட்டு இருந்தது. அதில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிட உயரம். வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. 2012-ல் ஒருவர் அங்கே காமிராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிழவர், குமரி, குழந்தையைத் தோளில் சுமந்த தகப்பன் என்று ஆள்மாற்றி ஆள் அதே படியில் இடறினார்கள். ஒவ்வொருவரும் திரும்பிப் பார்த்தார்கள்; சங்கடப்பட்டார்கள்; போய்விட்டார்கள். அத்தனை பேருக்குமா கண் தெரியவில்லை? ஒருவருக்கும் தமக்கு முன்னால் இடறினவரைத் தெரியாது. ஆகவே ஒவ்வொருவரும் தவறு தம்முடையதுதான் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். படம் வெளியே வந்த உடனே நிர்வாகம் அந்தப் படிக்கட்டை அடைத்துச் சரிசெய்தது. அதுவரை அந்தப் படிமேல் ஒரு பழியும் இல்லை.

படியைப் பற்றி மனிதர்கள் யோசிக்காமல் இருந்துவிடவில்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்ஸ்வா ப்ளோந்தெல் மனிதனுடைய எட்டை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்: படியின் உயரத்தை இரட்டித்து, அதனுடன் கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வரவேண்டும். அவருடைய அங்குலம் நம்முடையதைவிடச் சற்று நீளம், போகட்டும். கட்டடம் கட்டுகிறவன் கல்லை அளந்தால் போதாது, நடக்கிறவனையும் அளக்கவேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

எங்கள் ஊரிலிருந்து கண்ணுக்கெட்டும் மருந்துவாழ்மலையில் நான் பலமுறை ஏறியிருக்கிறேன். கட்டின படி கொஞ்ச தூரம்தான். மேலே போகப் போகப் பாறைகளில் கால் வைத்துத்தான் ஏறவேண்டும். ஒரு பாறை முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். அங்கே எனக்கு ஒருமுறையும் கால் தட்டியதில்லை. காரணம், மலை எனக்கு ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. 'என்னைப் பார்த்து ஏறு' என்று ஒவ்வோர் அடியிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நானும் பார்த்து ஏறுகிறேன். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையிலும் இதே கதைதான். குறுகலான செங்குத்து மரப்படியைக் கண்டதுமே பேச்சை நிறுத்திக் கையை ஊன்றிக்கொள்கிறோம். பொல்லாதவன் பொல்லாதவனாகவே தெரிந்தால் ஆபத்துக் குறைவு. எல்லாரையும் போலவே இருந்துகொண்டு ஒரே ஓர் இடத்தில் மாறிவிடுகிறவன்தான் கவிழ்க்கிறான். 12 ஏற்றமும் 12 விதமாக இருந்திருந்தால் பெரியம்மை விழுந்திருக்க மாட்டாள்.

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் ஒரு கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பட்டது. காலுக்குக் கீழே கடல் தெரிகிறது. நல்ல திடகாத்திரமான ஆள் அங்கே கைப்பிடியோரமாக ஒண்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். நானும் முதல் அடி வைக்கத் தயங்கினவன்தான். 1960-ல் அமெரிக்காவில் எலினார் கிப்ஸன், ரிச்சர்ட் வாக் என்ற இருவர், தவழும் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த ஒரு மேஜைமேல் விட்டார்கள். கண்ணாடிக்கடியில் பள்ளம் தெரிகிற பக்கத்துக்கு, தாயே கூப்பிட்டும், பெரும்பாலான குழந்தைகள் போகவில்லை. பாலத்தில் கண், 'ஆபத்து' என்று கத்துகிறது. கட்டினவனை நம்பிக் கண்ணை அதட்டி அடக்கிவிட்டு நடக்கிறோம். வீட்டுப் படியில் கண் பேசாமல் இருக்கிறது. அங்கேயும் கட்டினவனை நம்பித்தான் நடக்கிறோம். இரண்டிலும் நம்முடைய கால் இன்னொருவனுடைய யோக்கியதையின் மேல்தான் நிற்கிறது. எங்கள் வீட்டுப் படியில் அந்த இன்னொருவன் நான்.

சரி, தெரிந்த பிறகு ஏன் சொல்லவில்லை? இதுதான் என்னை நான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பதிலுக்கு என்னிடம் ஒரு நல்ல வாதம் இருந்தது. கெட்ட காரியத்துக்கு நல்ல வாதம் கிடைக்காத நாள் உண்டா? பெரியம்மையைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருப்பதாகச் சொன்னார். ஆகவே 'கண் மங்கிப்போச்சு' என்று நாங்கள் சொன்னது பொய்யாகவில்லை. அடுத்தடுத்து இரண்டு கண்ணுக்கும் அறுவை நடந்தது. விழுந்திராவிட்டால் அவள் ஆஸ்பத்திரிப் படியை மிதித்திருக்கவே மாட்டாள். ஊசியில் நூல் கோக்கிறாள், காலண்டரில் தேதி பார்க்கிறாள். என்னுடைய மௌனத்தினால் அவளுக்குப் பார்வை வந்தது என்றுகூட நான் கணக்கு எழுதிக்கொண்டேன்.

அந்தக் காலத்துப் புரை அறுவையை நினைத்தால் இது பெரிய பாக்கியம் என்பதில் சந்தேகமில்லை. கண்ணுக்குள்ளிருக்கும் வில்லையை எடுத்துவிட்டு வெறுமனே விடுவார்கள். அதற்கு ஈடாக மாட்டுகிற சோடாபுட்டிக் கண்ணாடி எல்லாவற்றையும் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். என் சிறு வயதில் ஒரு தாத்தா அந்தக் கண்ணாடியோடு, இல்லாத உயரத்துக்குக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பார். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். 1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள்ளேயே வைத்தார். 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்கள், இந்த வைத்தியத்தை ஏழை எளியவருக்கும் எட்டும்படி செய்தன.

ஆனால் கணக்கில் மறுபக்கத்தையும் எழுதவேண்டும் அல்லவா? அறுவைக்குப் பிறகு பெரியம்மைக்கு மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி வாசிக்க என்று ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு படியைக் குனிந்து பார்த்தால், கையில் பிடித்த புத்தகத்துக்காகச் செய்த பாகத்தின் வழியாகத்தான் நாலடி தூரத்துப் படி தெரியும். அதாவது கலங்கித் தெரியும். 2010-ல் ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். வெளியே நன்றாக நடமாடுகிற முதியவர்கள், நடக்கும்போது தூரப்பார்வைக் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டால் விழுவது குறைகிறது என்று கண்டார்கள். வீட்டோடு கிடப்பவர்களுக்கு அந்த மாற்றம் உதவவில்லை.

கண்ணாடி கிடக்கட்டும். அவள் மனதில் ஏற்பட்ட மாற்றத்தைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மச்சுக்குப் போவதில்லை. பிறகு படிப்புரையிலிருந்து முற்றத்தில் இறங்குகிற ஒற்றைப் படியிலும் நின்று யோசிக்க ஆரம்பித்தாள். கையை நீட்டி யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாள். இருட்டில் இறங்கி வந்தவள் நடுப்பகலில் சுவரைப் பிடித்தாள். "என் கண்ண நம்பக்கூடாது மக்கா" என்று அவளே சொல்லத் தொடங்கினாள். அந்த வார்த்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள். விழுந்த பயத்தினால் நடையைக் குறைத்துக்கொள்கிறவர்களுக்குக் காலில் வலு குறைந்து, மறுபடியும் விழுகிற வாய்ப்புக் கூடுகிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்வதற்கு நாக்கு வேண்டும். இன்னொருவர் தம்மைத் தாமே குற்றவாளி என்று சொல்லிக்கொள்ளும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நாக்குகூட வேண்டாம்.

2025 தைப்பொங்கல் முடிந்து எல்லாரும் கிளம்பிப்போன ஒரு மத்தியானம், படிப்புரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். தரை உயர்ந்ததையும், கொத்தனார் கேட்டதையும், டேப் வைத்து அளந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பெரியம்மை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அண்ணைக்கே தெரியும்" என்றாள்.

"எது பெரியம்மை?"

"மொதப் படி தாந்தது. தரை போட்ட மறுநாளே கால் சொல்லிட்டு. அதுக்கப்புறம் நான் பாத்துத்தான் ஏறிக்கிட்டு இருந்தேன். அண்ணைக்குச் சொளவு மறச்சிட்டு."

எனக்குப் பேச்சு வரவில்லை. நாற்பது வருஷம் பார்க்காமல் ஏறின படியை, நான் தரை போட்ட நாளிலிருந்து ஒரு வருஷமாக அவள் பார்த்துப் பார்த்து ஏறியிருக்கிறாள். புரை மூடின கண்ணால் பார்த்திருக்கிறாள். கண் மங்கியது மெய்தான். ஆனால் அந்தப் படிக்குக் கண் தேவைப்படும்படி செய்தது யார்?

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"கல்யாணத்துக்கு நீ ஆசையாட்டு போட்ட தரை. வந்தவங்க எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொல்லுதாவ. அதுல போயி நான் குத்தம் சொல்லவா?"

இருவருக்கும் தெரிந்திருந்தது. இருவரும் சொல்லவில்லை. அவள் சொல்லாததும் நான் சொல்லாததும் ஒன்றா என்று அன்று இரவு தூக்கம் வராமல் யோசித்தேன். அவள் மௌனத்தால் எனக்குப் பேர் கெடாமல் இருந்தது. என் மௌனத்தாலும் எனக்குத்தான் பேர் கெடாமல் இருந்தது.

மறுவாரம் ஆசாரியை அழைத்து வந்தேன். முதல் படியை மட்டும் சரி செய்துவிடலாம் என்பது என் எண்ணம். அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மொதப் படிய எட்டாக்கினா ரெண்டாவது ஆறாயிடும் அண்ணாச்சி. கள்ளன் ஒரு படி மேல ஏறி உக்காந்துக்கிடுவான். போன ரெண்டு அங்குலத்தையும் பன்னெண்டுக்கும் பங்கு வச்சாத்தான் தீரும்."

அப்படியே செய்தார். பக்கத்துச் சட்டங்கள் இரண்டையும் புதிதாக அறுத்து, பழைய ஆயினிப் பலகைகளையே பொருத்தினார். 2 அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்தால், ஏற்றத்துக்கு அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு குறையும். முடிந்தபின் நான் டேப்பால் அளந்தேன்; எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. பலகை ஓரங்களில் வெள்ளைக் கோடு ஒன்று தீட்டச் சொன்னேன். மூலையில் ஒரு விளக்கும் போட்டேன்.

பெரியம்மையை அழைத்துக் காட்டினேன். கீழே நின்று கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நாலாவது படியில் நின்றுவிட்டாள்.

"இது பழைய படி இல்ல மக்கா."

"அதே பலகைதான் பெரியம்மை. எல்லாம் சமமாத்தான் இருக்கு."

"சமமாத்தான் இருக்கு. ஆனா இது வேற" என்றாள். நாற்பது வருஷம் எட்டங்குலம் ஏறின காலுக்கு ஆறில் ஒரு பங்கு தெரிந்துவிட்டது. "இனி பாத்துத்தான் ஏறிப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு வெள்ளைக் கோடாகக் குனிந்து பார்த்து, மெதுவாக, மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் மச்சு ஜன்னலின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.